பன்னிரண்டாவது கேள்வி

சனிக்கிழமை சாயங்காலமானால் அம்பத்தூர் எஸ்டேட்டில் பாதி ஆம்பளைகளுக்கு டிபன் பசி வந்துவிடும். சம்பளம் பேங்கில் விழுகிறது, பேங்கு போனுக்குள் இருக்கிறது, போனைத் திறக்கிற நம்பர் பெண்டாட்டிக்குத் தெரியும். வீட்டுக்குப் போனதும் அவள் போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பாள். ஒயின் ஷாப் பெயர் அதில் இருந்தால் அன்றைக்குச் சோறு கிடையாது. டிபன் கடை இருந்தால் ஒரு வம்பும் இல்லை. அதனால் சரசா கடைக்கு வந்து முந்நூறு ரூபாய்க்கு ஸ்கேன் பண்ணுவார்கள். இருபது ரூபாய்க்கு மிளகாய் பஜ்ஜி தின்பார்கள். மிச்சம் இருநூற்று எண்பதை நோட்டாக வாங்கிக்கொண்டு, யோக்கியமான முகத்தோடு ஒயின் ஷாப் பக்கம் நடப்பார்கள்.

சரசா இதற்கு ஒரு ரூபாய் கமிஷன் வாங்கியதில்லை. அவளுக்கும் இது வசதிதான். கல்லாவில் சேருகிற சில்லறை நோட்டை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனால் அரைநாள் வியாபாரம் போய்விடும். இப்படியென்றால் பணம் தானாகவே கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கணக்கு அவள் பெயரில் இல்லை, மகள் கனிமொழி பெயரில். கடையில் ஸ்கேன் பண்ண ஒட்டியிருந்த சதுர அட்டையும் அவளுடையதுதான். சரசாவின் போனில் பேசத்தான் முடியும். அட்டை ஒட்டிய முதல் மாதம் இரண்டு மூன்று பெண்கள் "யார்யா அந்தக் கனிமொழி?" என்று புருஷனை இழுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்கள். வந்தவர்கள் சரசாவையும் அவள் கையில் இருந்த ஜல்லிக்கரண்டியையும் பார்த்து, வெட்கப்பட்டு, ஆளுக்கு ஒரு செட் பூரி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஐப்பசி மாதத்தில் அப்படி ஒரு சனிக்கிழமைதான் அவன் வந்தான். கம்பெனி நீலச் சட்டை போட்டிருந்தான். எந்தக் கம்பெனி என்று யார் பார்த்தார்கள்? எஸ்டேட்டில் முக்கால்வாசி பேர் நீலச் சட்டைதான். பெண்டாட்டியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருப்பதாகவும், ஆஸ்பத்திரியில் ஆயா முதல் ஆம்புலன்ஸ்காரன் வரை நோட்டாகத்தான் கேட்பதாகவும், இரண்டு ஏடிஎம் பார்த்தாயிற்று, இரண்டிலும் பணம் இல்லை என்றும் சொன்னான். ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கு ஸ்கேன் பண்ணிவிட்டு நோட்டாகக் கேட்டான். அன்றைக்கென்று சீட்டு எடுத்த பணம் சரசாவின் இடுப்பில் இருந்தது. ஐந்நூறை அவளுக்கென்று விட்டுவிடப் பார்த்தான்.

"ச்சீ, எட்து வைப்பா. புள்ளத்தாச்சி துட்டு எனக்கு எதுக்கு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் அவன் மாமியாருக்கென்று ஒரு டீயும் பார்சல் கட்டிக் கொடுத்தாள்.

"அக்கா, புள்ள பொறந்தா மொதோ ஸ்வீட்டு உனுக்குத்தான்" என்றான் அவன்.

பதினோரு நாள் கழித்து, மைதா மூட்டை போடுகிறவனுக்கு அனுப்பிய பணம் போகவில்லை. மறுபடி அனுப்பினாள் கனிமொழி. அதுவும் போகவில்லை. பேங்கில் போய் நின்றால், அங்கே நிவேதிதா என்று ஒரு சின்னப் பெண், பொறுமையாகக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். ஆந்திராவில் ஒரு ஊரில் பத்மா என்று ஒரு ரிட்டையர் ஆன டீச்சர். போலீஸ் வேஷம் போட்டவன் ஒருவன் வீடியோவில் வந்து, உன் பெயரில் கேஸ் இருக்கிறது, நீ கைதாகிவிட்டாய், அறையை விட்டு வெளியே வராதே என்று இரண்டு நாள் உட்கார வைத்துப் பதினாறு லட்சத்தை உருவிவிட்டான். அந்தப் பணம் உடைந்து உடைந்து பல கணக்குக்குப் போனதில் ஒரு துண்டு, ஒன்பதாயிரத்து ஐந்நூறு, கனிமொழி கணக்குக்கு வந்திருக்கிறது.

"ஏமாந்தவங்க 1930-க்குப் போன் பண்ணினா, பணம் போன வழியில இருக்கிற கணக்கையெல்லாம் மூடச் சொல்வாங்கம்மா. அவங்களக் காப்பாத்தத்தான். அந்த ஊர் போலீஸ் சொன்னாத்தான் நாங்க தொறக்க முடியும்."

"நாங்க இன்னாமா பண்ணோம்? சில்றதான் குட்த்தோம்."

"எனக்குத் தெரியுதும்மா" என்றாள் நிவேதிதா. அவளுக்கு நிஜமாகவே தெரிந்தது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

கணக்கு முடங்கியதோடு போயிருந்தால் சரசா அழுதுவிட்டு மாவாட்டப் போயிருப்பாள். கனிமொழி மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, இரண்டு வருஷம் பாடியில் ஒரு பட்டறையில் ஆம்பளைகளோடு நின்று ரம்பம் பிடித்து, பரீட்சை எழுதி, ஆவடியில் ராணுவத்துக்குச் சாமான் செய்கிற பேக்டரியில் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். நிரந்தர வேலை. ஆர்டர் வந்த அன்று அவள் அப்பன் மனோகரன், குட்டியானை வண்டியில் லோடு அடிக்கிறவன், கள்ளிக்குப்பம் முழுக்க ஜாங்கிரி கொடுத்தான். ஆர்டரோடு ஒரு படிவமும் வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் நிரப்பிக் கொடுக்கவேண்டும். அதில் பன்னிரண்டாவது கேள்வி: உங்கள் மீது ஏதேனும் வழக்கு நிலுவையில் உள்ளதா? ஆம், இல்லை. பொய் எழுதியது பின்னால் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

மற்ற எல்லாக் கேள்விக்கும் கனிமொழி அழகாக எழுதிவிட்டாள். பன்னிரண்டு மட்டும் ஒரு வாரமாகக் காலியாக இருந்தது.

"கேஸுன்னா இன்னா? கோர்ட்டுக்குப் போனாத்தானே கேஸு? இல்லனு எய்து" என்றான் மனோகரன்.

"ஸ்டேசன்லேர்ந்து விசாரிக்க வருவாங்க நைனா. அவங்க கம்ப்யூட்டர்ல எம் பேரு வந்துச்சின்னா?"

"அப்ப ஆமான்னு எய்து."

"எய்தினா வேல குடுப்பாங்களா?"

மனோகரன் வண்டிச் சாவியைத் தேடினான். சாவி அவன் கையிலேயே இருந்தது.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் எஸ்டேட்டில் விழிப்புணர்வு முகாம். இணையவழி மோசடியிலிருந்து மக்களைக் காப்பாற்ற அரசாங்கம் நடத்துவது. நாலு நாளாக மழை. சாலையில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர், அதில் பட்டறை ஆயில் மிதந்து நிறம் காட்டியது. ஷாமியானாவில் தேங்கின தண்ணீரை ஒருவன் கம்பால் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தான். அறுபது டீ, அறுபது வடை சரசா கடையில்தான் சொல்லியிருந்தார்கள். காலையில் வடகறிக்குப் போட்ட கடலைப் பருப்பு போக, இதற்கென்று தனியாக ஒரு படி ஊறவைத்து, கரண்ட் போனதால் பாதியை அம்மியில் அரைத்து, அவளே வாழை இலையில் தட்டித் தட்டிப் போட்டாள். ஈர விறகு மாதிரி கேஸும் அன்றைக்குச் சரியாக எரியவில்லை.

மேடையில் சப்-இன்ஸ்பெக்டர் பரந்தாமன் பேசினார். நல்ல குரல், ஆள் இந்தப் பக்கத்துக்காரர்தான்.

"தெரியாத ஆளு பணத்த உங்க கணக்குல வாங்கிக் குடுக்காதீங்க. ஆயிரம் ரூபா கமிசன் தரேன்னு சொல்வான். இல்லாட்டி ஒத்த ரூபா கூட தராம, அவசரம்னு சொல்லி அழுவான். வாங்கினீங்கன்னா நீங்களும் அதுல கூட்டு. தெரியாம செஞ்சேன்னு சொன்னா எவனும் கேக்க மாட்டான்."

முன் வரிசையில் இருந்த வேம்புலி, பதினைந்து வருஷமாகப் பிரஸ் மிஷினில் நிற்கிறவன், சனிக்கிழமை தவறாத ஆள், சத்தமாகச் சொன்னான்: "அப்போ எங்க சரசாக்காவத்தான் சார் மொதல்ல புடிக்கணும். எஸ்டேட்டுக்கே பேங்க்கு அதான்!"

எல்லாரும் சிரித்தார்கள். வேம்புலிக்கு விஷயம் தெரியாது, பாவம். சரசாவும் சிரித்தாள். சிரித்தபடியே டீ டம்ளர் தட்டை அடுத்த வரிசைக்கு நீட்டினாள்.

கூட்டம் கலைந்ததும் பேங்கு கொடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு பரந்தாமனிடம் போனாள். அவர் வடையைத் தின்றுகொண்டே முழுவதும் படித்தார். படிக்கப் படிக்க வடையை மெல்லுவது நின்றது.

"இது அவுங்க ஸ்டேட்டும்மா."

"எம் பொண்ணு மேல கேஸு கீதா, இல்லியா சார்? அத்த மட்டும் சொல்லு சார், போதும்."

"எப்ஐஆர்ல பேரு இருந்தா கேஸு. பணம் போன கணக்கு லிஸ்ட்ல மட்டும் இருந்தா கேஸு இல்ல. எதுல கீதுன்னு அவுங்கதான் சொல்லணும்."

"நூறு தபா அடிச்சிட்டோம் சார். எடுக்க மாட்றாங்க."

"எடுப்பாங்க. நூத்தியோராவது தபா எடுப்பாங்க." கொஞ்சம் தயங்கினார். "பணம் வாங்கிகினு போனவன் மூஞ்சி ஞாபகம் கீதா? கேமரா எதுனா?"

"பஜ்ஜிக் கடைக்கு எதுக்கு சார் கேமரா? புள்ளத்தாச்சி பொண்டாட்டினு சொன்னான். நான் அவன் மூஞ்சியையா பார்த்தேன்? அந்தப் பொண்ணத்தான் நெனச்சேன்."

பரந்தாமன் காகிதத்தை மடித்துக் கொடுத்தார். டீக்குப் பணம் கொடுக்கப் போனை எடுத்து, சதுர அட்டையை நோக்கி நீட்டி, பிறகு ஞாபகம் வந்து போனை இறக்கினார். பர்சில் நூறு ரூபாய்தான் இருந்தது. "நாளைக்கு ஆள்கிட்ட குட்த்தனுப்பறேம்மா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

*

சனிக்கிழமை கடையைத் திறக்கவில்லை. சரசா வீட்டில் உட்கார்ந்து மனோகரன் போனில் அந்த ஊர் ஸ்டேஷனுக்கு அடித்தாள். ஒவ்வொரு தடவையும் மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு அம்மாள் குரல் வந்து, மோசடிக்காரர்களை நம்பாதீர்கள், எச்சரிக்கையாக இருங்கள் என்று நிதானமாகப் பாடம் நடத்தும். நடத்தி முடித்த பிறகுதான் மணி. அப்புறம் கட்.

"இன்னும் எவ்ளோமா எச்சரிக்கையா இருக்கிறது? ஒத்துமா, மணி அடிக்கட்டும்" என்று சரசா அந்தக் குரலிடமே சண்டை போட்டாள். கனிமொழி சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

பதினொரு மணிக்கு ஒருவர் எடுத்தார். ஸ்டேஷன் ரைட்டர். சரசாவின் தாய்வீடு ஊத்துக்கோட்டைப் பக்கம், வீட்டில் தெலுங்குதான். இத்தனை வருஷம் கழித்து அது உதவிக்கு வந்தது. அவள் தெலுங்கில் பேசப் பேச எதிர்ப்பக்கம் குரல் இளகியது. தன் அக்கா பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய், காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டு, திரும்பி வந்தார்.

"லிஸ்ட்டில்தான் இருக்கிறதம்மா. எப்ஐஆரில் இல்லை. உங்களை மாதிரி முப்பத்தெட்டுக் கணக்கு இருக்கிறது. ஐயா ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க ஆறு மாதம் ஆகும். இல்லையென்றால் புகார் கொடுத்த டீச்சரம்மா, இந்தக் கணக்கைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் கொடுத்தால் சீக்கிரம் எடுத்துவிடலாம்." குரலைத் தாழ்த்தி ஒரு நம்பர் சொன்னார். "நான் கொடுத்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் வேலை போய்விடும்."

"என் மகள் சத்தியமாகச் சொல்லமாட்டேன் அண்ணா" என்றாள் சரசா.

போனை வைத்ததும் கனிமொழி எழுந்து படிவத்தை எடுத்தாள். முகமே மாறியிருந்தது.

"லிஸ்ட்லதான்மா கீது. கேஸு இல்ல. இல்லனு எய்திர்றேன்."

"இரு இரு. வாயால சொன்னத நம்பியா எய்துவே? நாள பின்ன போலீசு ஊட்டாண்ட வந்து கேட்டா இன்னாத்தக் காட்டுவே? அந்த டீச்சரம்மா ஒரு கடுதாசி குட்த்துட்டா கையில வெச்சிக்கலாம்ல?"

"வேணாம்மா. ஏமாந்த பொம்பள. அவங்களப் போயி..."

"அதான் சொல்றேன். ஏமாந்தவங்களுக்குத்தான் ஏமாந்தவங்க கஷ்டம் தெரியும்."

சரசாவுக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. டீச்சர் வேறு. பிள்ளைகளைப் படிக்கவைத்த அம்மாள், ஒரு பெண்பிள்ளை வேலைக்குப் போவதற்கு மாட்டேன் என்றா சொல்வாள்? என்ன பேசவேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். முகத்தைக் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டாள். போனில் முகம் தெரியாது என்று கனிமொழி சொல்லவில்லை.

பத்மா டீச்சர் இரண்டாவது மணியில் எடுத்தாள். வயதான, சுத்தமான தெலுங்கு.

"வணக்கம்மா. மெட்ராஸிலிருந்து பேசுகிறேன். உங்கள் பணம் போன கேஸ் விஷயமாக..."

டீச்சர் முடிக்க விடவில்லை.

"என் நம்பர் உங்களுக்கு யார் கொடுத்தது?"

சரசா வாயைத் திறந்தாள். ஸ்டேஷன் ரைட்டர் என்று நாக்கு நுனி வரை வந்தது. சத்தியம் செய்திருக்கிறாளே.

"தெரிந்தவர் ஒருத்தர்மா."

"யார்?"

"அதை விடுங்கம்மா. நீங்கள் ஒரு கடிதம் எழுதி ஒரே ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். வேறு ஒன்றும் வேண்டாம். எனக்கு ஒரே பொண்ணும்மா. திங்கட்கிழமைக்குள் வேண்டும். இல்லையென்றால் அவளுக்கு வேலை போய்விடும்..." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு வாரமாக யார் முன்னாலும் அழாமல் வைத்திருந்தது அத்தனையும் அந்த முகம் தெரியாத அம்மாளிடம் கொட்டியது.

டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவனும் அழுதான்மா. முதலில் மிரட்டினான். அப்புறம் அழுதான். நான் கையெழுத்துப் போடாவிட்டால் அவனுக்கு வேலை போய்விடும் என்றான். அவனுக்கும் ஒரே பொண்ணுதானாம்." குரல் நடுங்கிற்று. "நீங்கள் ரொம்ப நல்லபடியாகத்தான் பேசுகிறீர்கள். அவனும் அப்படித்தான் பேசினான்."

வைத்துவிட்டாள்.

சரசா உடனே மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். ஒரு வாரமாக அவள் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான், எடுக்கிற வரை அடிப்பது. ஏழாவது தடவை கனிமொழி போனைப் பிடுங்கினாள்.

"போதும்மா. பயந்துக்கினு கீறாங்க, உனுக்குப் புரியல?"

ஒரு மணி நேரம் கழித்து அந்த ஊர் ஸ்டேஷனிலிருந்தே போன் வந்தது. இத்தனை நாளில் அவர்களாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பேசியது ரைட்டர் இல்லை, அவருக்கு மேலே உள்ளவர். இங்கிலீஷில் பேசினார். கனிமொழிதான் பேசினாள். "யெஸ் சார். நோ சார். மை மதர் சார்." பிறகு வெறும் "சார்" மட்டும், நாலைந்து தடவை.

போனைக் கட்டிலில் வைத்தாள். மனோகரன் வாசலில் நின்று வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தான். மழை விடவில்லை.

"இன்னாவாம்?"

"அந்த டீச்சரம்மா 1930-க்குப் புகார் குட்த்துட்டாங்களாம். கேஸ வாபஸ் வாங்கச் சொல்லி அந்தக் கும்பல்ல ஒரு பொம்பள அழுது மிரட்டுதுன்னு. ஏழு தபா போன் வந்துச்சின்னு. ஸ்டேசனுக்கு நாம அடிச்ச அதே நம்பருன்னு பார்த்து நாமதான்னு கண்டுபுட்ச்சிட்டாங்க. இதுக்கு மேல லிஸ்ட்ல வெக்க முடியாதாம். எப்ஐஆர்ல எம் பேர சேக்கறாங்களாம். நேர்ல வரணுமாம் நைனா."

"உன் பேரா? நீ இன்னாடி பண்ணே?"

"கணக்கு எம் பேர்லதானே கீது."

மனோகரன் ஆந்திராக்காரன், டீச்சர், பேங்கு, போலீஸ் என்று ஒவ்வொருவரையாகத் திட்ட ஆரம்பித்தான். சரசாவும் அந்த அம்மாள் மேல் கோபப்பட ஆன மட்டும் பார்த்தாள். வரவில்லை. தெரியாத பொம்பளை ஒருத்தி போன் செய்து, யார் நம்பர் கொடுத்தது என்று சொல்லாமல், கையெழுத்துப் போடு என்று அழுதால் வேறு என்னதான் செய்வது? அவள் இடத்தில் தான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். அந்த அம்மாள் பக்கம் ஒரு தப்பும் இல்லை. அதுதான் சரசாவுக்கு ஆறவில்லை. யார் பக்கமாவது ஒரு தப்பு இருந்திருந்தால் அங்கே போய் நின்று தலையில் அடித்துக்கொண்டாவது வரலாம்.

"நான் சும்மா கெடந்திருக்கணும்டி. நீ சொன்னே, நான் கேக்கல" என்றாள்.

"நீ எப்போமா சும்மா கெடந்தே" என்றாள் கனிமொழி. கோபமாகச் சொல்லவில்லை. அதுவே சரசாவை அறைந்தது.

கனிமொழி படிவத்தை மடியில் வைத்து, பரீட்சை அட்டையைக் கீழே கொடுத்து, பேனாவின் மூடியைக் கழற்றினாள். பன்னிரண்டாவது கேள்விக்கு நேரே, அடித்தல் திருத்தல் இல்லாமல், ஆம் என்று எழுதினாள். ஆம் எனில் விவரம் தருக என்று அதற்குக் கீழே நாலு கோடு போட்டிருந்தது.

"சொல்லுமா" என்று நிமிராமல் கேட்டாள். "இதுல இன்னா எய்தறது?"

சரசா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நீலச் சட்டையிலிருந்து ஆரம்பிப்பதா, பிரசவத்திலிருந்தா, சனிக்கிழமை பஜ்ஜியிலிருந்தா என்று யோசித்தாள். கனிமொழி பேனாவைக் கோட்டின் மேல் வைத்தபடியே காத்திருந்தாள். சரசாவுக்கு முதல் வரியே வரவில்லை.